மாங்காவும் ஜோராசாங்கோவும்
ஜப்பானியச் சித்திரக் கதைகளில் உருவமும் பின்னணியும்

"தாத்தா, நான் மாங்கா படிக்கிறேன்" என்று என் பேத்தி சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஊறுகாய் ஜாடிதான். "மாங்காயை நறுக்குவாங்க, உப்புல போடுவாங்க. படிக்கவும் செய்வாங்களா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை நீட்டினாள். நம் கணக்குப்படி கடைசிப் பக்கம்தான் அதற்கு முதல் பக்கம். வலமிருந்து இடமாகப் போகும் படக்கதை. ஜப்பான் மொழியில் படக்கதைக்கு 'மங்கா' என்று பெயர். அதைத் திரையில் ஓடவிட்டால் 'அனிமே'. 'அனிமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் பாதியில் நறுக்கிக்கொண்டது அது.

வாசக அன்பர்களிடம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கலையை நான் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. ஒரு தப்பு செய்துவிட்டு, அதற்குப் பரிகாரமாகக் கற்றேன். அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, இயற்பியல் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பொம்மை வரைந்திருந்ததைப் பார்த்தேன். "பொம்மை வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கத்தி இரண்டு தாள்களைக் கிழித்தேன். கிழித்த பிறகுதான் ஒன்றைச் சரியாகப் பார்த்தேன். கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அது. கொடியில் அவள் பாட்டியின் சுங்குடிப் புடவை காய்கிறது. கைப்பிடிச் சுவரில் வடாம் தட்டு. தூரத்தில் கப்பல் கட்டும் தளத்தின் கிரேன். ஐம்பது வருஷமாக அந்த மாடியில் நிற்கிறேன். அந்த கிரேனையும் அந்தப் புடவையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அன்று தொடங்கிய படிப்பு இது. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு ஓவியம் தெரியாது. ஆனால் எதை எடுத்தாலும் அது எப்படி நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கும் பழக்கம் உண்டு. அந்த வழியிலேயே எழுதுகிறேன்.

ஒரே சட்டத்தில் இரண்டு ஓவியங்கள்

எந்த ஜப்பானியப் படத்தையும் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அதில் இருப்பது ஓர் ஓவியம் அல்ல, இரண்டு. முன்னால் நிற்கும் மனிதருக்குக் கறுப்புக் கோட்டில் எல்லை கட்டியிருக்கும். உள்ளே ஒரே சீரான வண்ணம், நிழலுக்கு அதைவிடச் சற்று அழுத்தமான இன்னொரு வண்ணம், அவ்வளவுதான். பின்னால் உள்ள வானம், மரம், தெரு, வீடு எதற்கும் அந்தக் கோடு கிடையாது. அங்கே வண்ணம் வண்ணத்தோடு கலந்து, வெளிச்சம் படிந்து, நீர்வண்ண ஓவியம் போலவே இருக்கும். இரண்டையும் வரைவது ஒரே கை அல்ல. உருவம் வரைபவர் ஒரு பிரிவு, பின்னணி வரைபவர் இன்னொரு பிரிவு.

ஏன் இப்படி? விடை கணக்கில் இருக்கிறது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 20 நிமிடப் படம் என்றால் 28,800 சட்டங்கள். அத்தனைக்கும் தனித்தனிப் படம் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே மூன்று சட்டத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் 9,600 படங்களில் முடியும். ஜப்பானில் 1963 ஜனவரி 1-ஆம் தேதி தொலைக்காட்சியில் தொடங்கிய 'தெத்சுவான் ஆட்டம்' ('ஆஸ்ட்ரோ பாய்' என்று உலகம் அறிந்த தொடர்) இந்தச் சிக்கனத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அதை உருவாக்கிய தெசுகா ஒசாமு இன்னும் குறைத்தார். பேசும்போது வாய் மட்டும் அசையும். ஒரு முறை வரைந்த ஓட்டத்தை எடுத்து வைத்து மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவார்கள். சில இடங்களில் படம் அப்படியே நிற்க, கேமரா மட்டும் பின்னணி மேல் நகரும்.

அசைகிற உருவத்தைப் பல நூறு முறை, பல பேர் வரைய வேண்டும். எல்லோர் கையிலும் அது ஒரே ஆளாகவே வர வேண்டும். கோடும் தட்டை வண்ணமும் இருந்தால்தான் அது நடக்கும். பின்னணி அசைவதில்லை. ஒருவரே உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, மனம் வைத்துத் தீட்டலாம். பழைய முறையில் உருவத்தைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில், முன்பக்கம் கோடும் பின்பக்கம் வண்ணமுமாகத் தீட்டி, காகிதத்தில் வரைந்த பின்னணி மேல் வைத்துப் படமெடுத்தார்கள். இன்று எல்லாம் கணினியில். 1969 முதல் ஓடும் 'சசாயே-சான்' என்ற குடும்பத் தொடர் மட்டும் 2013 வரை அந்தத் தாளை விடாமல் வைத்திருந்தது.

கண் ஏன் அவ்வளவு பெரிசு?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. "ஜப்பான்காரனுக்குக் கண் சின்னது, அதான் ஆசைக்குப் பெரிசா வரையறான்" என்று நானும் கேலி பேசியிருக்கிறேன். அது அறியாமை. தெசுகாவுக்கு வால்ட் டிஸ்னியின் படங்கள் மேல் பெரும் பிரியம். அதோடு அவர் வளர்ந்த ஊர் தகராசுகா. பெண்கள் மட்டுமே எல்லா வேடமும் ஏற்று ஆடும் புகழ்பெற்ற நாடகக் குழு அங்கே உண்டு. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று கண்ணுக்குக் கனமாக மை எழுதி, மேடை விளக்கில் விழி மின்ன நிற்கும் நடிகைகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நம் தெருக்கூத்துக் கலைஞர் ஏன் கண்ணைச் சுற்றி அப்படி மையிடுகிறார்? அதே காரணம்தான். உடம்பு அதிகம் அசையாத படத்தில் அழுகையும் கோபமும் வெட்கமும் கண் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு நாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் காளிகாட்டுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வந்த யாத்ரிகர்களுக்காகப் பட்டுவாக்கள் வரைந்த 'காளிகாட் பட்'டைப் பாருங்கள். ஒரே வீச்சில் இழுத்த கோடு, பெரிய நீண்ட கண், பின்னணி வெறும் காகிதம். விலை மலிவாக இருக்க வேண்டும், வேகமாகப் போட வேண்டும், வாங்கியவர் ஒரு பார்வையில் 'இது காளி, இது பாபு' என்று அறிய வேண்டும். சிக்கனம் அங்கேயும் ஒரு பாணியைப் பெற்றெடுத்தது.

ஓர் உருவத்தை அமைக்கும்போது ஜப்பானியர் 'செத்தேய்' என்னும் மாதிரித் தாள்களைத் தயாரிக்கிறார்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் எப்படித் தெரியும். சிரித்தால், முறைத்தால் எப்படி. மற்றவர் தோளுக்கு வருவாரா, காதுக்கு வருவாரா என்றெல்லாம் அதில் இருக்கும். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் நிழலை வைத்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் போட்டுப் பார்க்கும் சோதனை. நம் தோல்பாவைக் கூத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் நிழலை வைத்துத்தானே கண்டுகொள்கிறோம்!

நாற்பது கிலோபைட்டில் ஓர் உலகம்

கணினி விளையாட்டுகளில் இந்தச் சிக்கனம் இன்னும் கடுமையானது. 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக மியாமோட்டோ ஷிகேரு ஒரு தச்சனை வரைந்தார். பிற்பாடு மாரியோ என்று உலகப் புகழ் பெற்றவன் அவன்தான். கைவிரல் கடை அளவுகூட இல்லாத புள்ளிக் கட்டத்தில் முகம் வரைய வேண்டும். வாய் வரைய இடமில்லை, ஆகவே மீசை. முடி வரையக் கஷ்டம், ஆகவே தொப்பி. கை வீசுவது தெரிய வேண்டும், ஆகவே சட்டைக்கும் மேலங்கிக்கும் வேறு வேறு நிறம். அழகுக்கு என்று நாம் நினைத்ததெல்லாம் இடப் பற்றாக்குறையில் பிறந்தவை.

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று காலை வணக்கம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் பூப்படம் ஒன்றே அதைவிடப் பெரிசாக இருக்கும். அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். கோடிக்கணக்கான பேர் விளையாடினார்கள், பலருக்கு வருஷக்கணக்கில் தெரியவில்லை. 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்குத் தொரியாமா அகிரா (2024 மார்ச்சில் மறைந்தார்) வரைந்த பூதங்களில் ஒன்று, ஒரு நீர்த்துளிக்குக் கண்ணும் சிரிப்பும் வைத்தது போல இருக்கும். அதுவே அந்த விளையாட்டின் அடையாளமாக நின்றுவிட்டது.

பின்னணியில் ஆழம் காட்ட ஒரு வித்தை உண்டு. இதை விளக்க ரயில்வேக்காரனுக்கு உரிமை இருக்கிறது. ஷாலிமாரில் கோரமண்டல் விரைவு வண்டி ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். தந்திக் கம்பம் விர்ரென்று ஓடும். வயலுக்கு அப்பாலுள்ள பனைமரம் மெல்ல நகரும். தொலைவிலுள்ள மலை நகர்வதே தெரியாது. நிலா நம்மோடேயே சென்னை வரைக்கும் வரும். பின்னணியை மூன்று நான்கு அடுக்காகப் பிரித்து, அருகிலுள்ளதை வேகமாகவும் தொலைவிலுள்ளதை மெதுவாகவும் நகர்த்தினால், தட்டைத் திரையில் மைல் கணக்கில் தூரம் தோன்றும். 1982-ல் வந்த 'மூன் பேட்ரோல்' இதை அழகாகச் செய்து காட்டிய ஜப்பானிய விளையாட்டு.

பின்னணி சும்மா இல்லை

படக்கதையில் இன்னொரு சங்கதி. முகம் எவ்வளவுக்கெவ்வளவு எளிமையோ அவ்வளவுக்கவ்வளவு படிப்பவர் அதற்குள் புகுந்துகொள்கிறார். சுற்றியுள்ள உலகம் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு அது நிஜமாகிறது. எளிய முகத்தைப் போட்டுக்கொண்டு நிஜமான ஊருக்குள் நடக்கிறோம். போரில் இடக்கையை இழந்து ஒற்றைக் கையால் வரைந்த மிசுகி ஷிகேரு (1922-2015) இதில் பெரிய ஆள். அவருடைய பேய்க்கதை மனிதர்கள் கிறுக்கிய பொம்மை போல இருப்பார்கள். பின்னாலுள்ள காடும் கல்லறையும் புள்ளி புள்ளியாக வைத்து இழைத்தவை.

திரையில் இதன் உச்சம் என்று பலரும் சொல்வது மியாசாகி ஹயாவோ இயக்கி 1988-ல் வந்த 'என் அண்டைவீட்டு டோட்டோரோ'. அதன் பின்னணிகளுக்குப் பொறுப்பேற்றவர் ஓகா கசுவோ என்ற ஓவியர். டோக்கியோவுக்கு அருகில் உள்ள சயாமா குன்றுகளை மனதில் வைத்து அமைத்த கிராமம் அது. பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற மாதிரியான போஸ்டர் கலர்தான் கருவி. வானம் தீட்டும்போது முதலில் தாளை நீரால் நனைத்து, ஈரம் காயுமுன் வண்ணத்தைப் பரப்புவார்கள். மேகத்தின் விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

படம் எடுக்குமுன் ஓவியர்கள் ஊர் ஊராகப் போய்ப் புகைப்படமும் குறிப்பும் எடுப்பது அங்கே வழக்கம். படம் வந்த பிறகு ரசிகர்கள் அந்த இடங்களைத் தேடிப் போவதும் வழக்கம். அதற்கு 'புனிதத்தல யாத்திரை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது புரியாததா? பொன்னியின் செல்வன் படித்துவிட்டு வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை நின்ற இடத்தைத் தேடியவர்கள்தானே நாம்!

தாளை நனைத்தவர்கள்: ஜோராசாங்கோ, 1903

'தாளை நீரால் நனைத்து' என்று மேலே எழுதினேன் அல்லவா? அதைப் பேத்திக்குப் படித்துக் காட்டியபோது, பக்கத்தில் இருந்த வங்காளி நண்பர் ஒருவர், "இது எங்க அபனீந்திரநாத் செய்தது மாதிரியே இருக்கே!" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் கிடைத்தது.

1902-ல் ஒகாகுரா ககுசோ என்ற ஜப்பானியக் கலை அறிஞர் கல்கத்தா வந்து விவேகானந்தரையும் நிவேதிதாவையும் தாகூர் குடும்பத்தாரையும் சந்தித்தார். கீழை நாடுகளின் கலை பற்றிய அவருடைய ஆங்கில நூல் நிவேதிதாவின் முன்னுரையோடு 1903-ல் லண்டனில் வெளியாயிற்று. அதே 1903-ல் அவருடைய மாணவர்கள் இருவர், யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும், இங்கே வந்து தாகூர் குடும்பத்தாருடன் தங்கினார்கள். சொந்த நாட்டில் அப்போது அவர்களுக்குக் கெட்ட பெயர். ஜப்பானிய ஓவியத்துக்கு உயிர்நாடியான கோட்டையே எடுத்துவிட்டு, பனி மூடியது போல வண்ணத்தாலேயே எல்லாவற்றையும் காட்ட முயன்றார்கள். 'மோரோத்தாய்', அதாவது மங்கல் பாணி என்று விமர்சகர்கள் கேலி பேசினார்கள்.

தைக்கான் ஈரத் தூரிகையால் தாளை நனைத்து நனைத்து வரைவதை அபனீந்திரநாத் தாகூர் பக்கத்தில் இருந்து கவனித்தார். அவர் ஒரு படி மேலே போனார். தீட்டிக் காய்ந்த படத்தை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்தார். மறுபடி தீட்டினார், மறுபடி முக்கினார். வண்ணம் தாளுக்குள் ஊறி, விளிம்புகள் கரைந்து, உருவம் மூடுபனியிலிருந்து வருவது போல நின்றது. 'வாஷ்' என்று நம் ஓவியப் பள்ளிகளில் சொல்லும் முறை இது. 1905-ல் அவர் வரைந்த பாரத மாதா இந்த முறையில் அமைந்தது. காவி உடுத்து நான்கு கைகளோடு நிற்கும் அந்தத் தாயின் பின்னால் ஊரும் இல்லை, மலையும் இல்லை. ஒளிதான் பின்னணி. வங்கப் பிரிவினை ஆண்டில் அந்த ஒளி என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை அல்ல. தைக்கான் ஊர் திரும்பி, 1909-ல் கங்கையில் அகல் விளக்கு மிதக்கவிடும் இந்தியப் பெண்களை வரைந்தார். 1916-ல் ரவீந்திரர் ஜப்பான் போய் வந்ததை அடுத்து அராய் கம்போ என்ற ஓவியர் ஜோராசாங்கோ வந்து, அங்கிருந்த விசித்ரா கூடத்தில் தூரிகைப் பயிற்சி அளித்தார். அஜந்தா சென்று சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1918 வரை இந்தியாவில் இருந்தார். ஆக, கோட்டின் பலத்தை நாமும் அஜந்தாவில் வைத்திருந்தோம், அவர்களும் அதைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

இன்றைய அனிமே பின்னணி ஜோராசாங்கோவிலிருந்து நேராக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது புளுகு. ஆனால் கேள்வி ஒன்றுதான். எதற்குக் கோடு வேண்டும், எதற்குக் கோடு வேண்டாம்? அசைவதற்கும் அடையாளத்துக்கும் கோடு. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஈரம். அந்தக் கேள்வியை இரண்டு ஜப்பானியரும் ஒரு வங்காளியும் உட்கார்ந்து தீர்க்கப் பார்த்த ஊரில் நாம் இருக்கிறோம். ஜோராசாங்கோ தாகூர் மாளிகை அருங்காட்சியகத்தில் ஜப்பானுக்கென்றே ஒரு கூடம் உண்டு. கிரீஷ் பார்க் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். நம் சங்க அன்பர்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நானே பணி ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன்.

அங்கிருந்து அம்புலிமாமாவுக்கு

இந்த ஈரத்தூரிகை தெற்கேயும் வந்தது. அபனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். மெரீனாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் அவர்தான். அவர் தலைமையில் இருந்த அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் கே. சி. சிவசங்கரன், நம் 'அம்புலிமாமா' சங்கர். தோளில் வேதாளம் தொங்க, உருவிய வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த கை அது. 2020-ல் மறைந்த அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பழைய அம்புலிமாமா இருந்தால் எடுத்துப் பாருங்கள். ராஜாவின் முகத்துக்குத் தெளிவான கோடு. பின்னால் மண்டை ஓடுகள், முறுக்கிய மரம், பாம்பு, புகை. ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒரு முழு மயானம்! என் தலைமுறைக்குப் பயமும் கற்பனையும் கற்றுக்கொடுத்த பின்னணி அது. அதை நான் 'பொம்மை' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பேத்தி வரைந்ததைச் சொன்னேன்.

வேட்டி கட்டத் தெரியாத ஜப்பானியர்

உருவமும் பின்னணியும் சேர்ந்து நம் கதைக்கு ஜப்பானில் உயிர் கொடுத்த சம்பவம் ஒன்று உண்டு. 1983-ல் சாக்கோ யூகோ என்ற ஜப்பானியர், தொல்லியல் அறிஞர் பி. பி. லாலின் அகழாய்வுகள் பற்றிய விவரணப் படத்துக்காக இந்தியா வந்தார். ராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். ஜப்பான் மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைத் தேடிப் படித்தார். ராமன் தெய்வம், ஒரு நடிகர் அந்த வேடம் போடுவதைவிடச் சித்திரமே பொருத்தம் என்பது அவர் எண்ணம். வெளிநாட்டுக்காரர் நம் இதிகாசத்தைப் பொம்மைப் படம் ஆக்குவதா என்று இங்கே எதிர்ப்பு கிளம்பியது. அவர் பொறுமையாக விளக்கினார். இந்தியாவிலிருந்து ராம் மோகனும் ஜப்பானிலிருந்து சசாகி கோய்ச்சியும் அவரோடு இயக்குநர்களாகச் சேர்ந்தார்கள். 1990-ல் சுமார் 450 ஓவியர்களோடு வேலை தொடங்கியது. 1992-ல் முடிந்த அந்தப் படம்தான் 'ராமாயணம்: இளவரசர் ராமனின் காவியம்'.

ஜப்பானிய ஓவியருக்கு அயோத்தியைத் தீட்டத் தெரியும், ஆனால் வேட்டி மடிப்பு எப்படி விழும் என்று தெரியாது. பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவார்கள் என்று தெரியாது. அதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். குனியும் கோணம் தப்பினால் பிள்ளை பெரியவரைக் கும்பிடுவது போல இருக்காது, கீழே விழுந்த காசைத் தேடுவது போல இருக்கும்! உருவ அமைப்பு என்பது மூக்கும் முழியும் மட்டுமல்ல, ஓர் ஊரின் பழக்கவழக்கமும் அதில் அடக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உட்பட நான்கு மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியப் படமும் இந்தியாவில் தமிழ் பேசி வந்தது.

இந்த ராம் மோகன் (1931-2019) யார் தெரியுமோ? சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். 1956-ல் பம்பாயில் அரசு திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பகுதியில் சேர்ந்தார். பிற்காலத்தில் 'இந்திய அனிமேஷனின் தந்தை' என்று அழைக்கப்பட்டார், 2014-ல் பத்மஸ்ரீ பெற்றார். இதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். பெண்ணைப் பொறியியலில் சேர்க்க வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருந்தவன். "எல்லாரும் ராம் மோகன் ஆயிட முடியுமாப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வரையும்போது விளக்கை அணைப்பதை அவன் நிறுத்திவிட்டான்.

எங்கள் வீடு எங்கே போச்சு?

2025 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்ததே, நினைவிருக்கிறதா? புகைப்படத்தைக் கொடுத்தால் ஒரு நொடியில் டோட்டோரோ படம் மாதிரி மாற்றித் தரும் கணினி வசதி வந்தது. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முகமும் மாறிப்போயிற்று. நானும் கைப்பேசியில் எங்கள் மாடிப் படம் ஒன்றைப் போட்டேன். அழகாகத்தான் வந்தது. பேத்தியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, நம்ம வீடு எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

கூர்ந்து பார்த்தேன். கப்பல் தளத்து கிரேன், ஒரு மரமாகிவிட்டது. பாட்டியின் சுங்குடியில் புள்ளிகள் போய்ப் பூக்கள் வந்திருந்தன. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைந்து, யாரோ ஒரு தேசத்துப் பச்சை மலை நின்றது. நாங்கள் மட்டும் சிரித்துக்கொண்டு இருந்தோம், கார்டன் ரீச் இல்லை.

அவள் இப்போது ஒரு படக்கதை வரைகிறாள். நாயகி இங்கே வளரும் ஒரு தமிழ்ப் பெண். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள். 1856-ல் அரியணை இழந்து லக்னோவிலிருந்து வந்த நவாப் வாஜித் அலி ஷா கட்டிய இமாம்பாரா, மட்டியாபுருஜ் தையற்காரர்களின் சந்துகள், தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்தின் பழைய கட்டடம், ஆற்றுக்கு அக்கரையில் தாவரவியல் பூங்காவின் மரக் கூட்டம். ஒவ்வோர் இடத்திலும் அவள் கேட்கும் கேள்வி: "நீங்க வந்தப்போ இங்கே என்ன இருந்தது?" பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. நவாபும் வெளியூர்க்காரர், நாமும் வெளியூர்க்காரர். அவர் தன் லக்னோவை இங்கே கட்டிப் பார்த்தார். நாம் நம் ஊரை மனசுக்குள் வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பதை 'வேலைக்கு வந்த இடம்' என்று பாராமலே இருந்துவிட்டோம். எங்கோ வரைந்த உருவத்தை வேறெங்கோ தீட்டிய பின்னணி மேல் வைத்தது போலத்தான் இங்கே ஐம்பது வருஷம் நின்றிருக்கிறேன். அவளுக்கோ பின்னணியே இதுதான். அவள் ஊர் இது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய புகைப்படங்கள் இருக்கும். கல்யாணம், பிறந்த நாள், கொலு, சங்கத்துப் பொங்கல் விழா. இதுவரை அதில் ஆட்களைத்தான் பார்த்திருப்போம். இம்முறை அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். டிராம் வண்டி, கடைப் பலகை, ஜன்னல் கம்பி, குழாயடி, சுவரில் காலண்டர். எந்தத் தெரு, எந்த வருஷம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஒரு நாள் அதைக் கேட்டு வருவார்.

பேத்தி இந்த ஆண்டு பொறியியல் நுழைவுத் தேர்வும் எழுதுகிறாள், வடிவமைப்புக் கல்விக்கான தேர்வும் எழுதுகிறாள். எது வாய்க்கும் என்று தெரியாது. கிழித்த தாள் இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டிய இடம் கிரேனுக்கும் புடவைக்கும் நடுவில் கோடாகத் தெரிகிறது. "அதை அழிச்சுடவா?" என்று கேட்டேன். "வேண்டாம் தாத்தா, அதுவும் கதையில வரும்" என்றாள்.